சாயம் பிடிக்கும் வரை

காதுக்குப் பின்னால் இன்னும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை நிற்கிறது, பிரஷ்ஷைக் கிண்ணத்து விளிம்பில் வழித்து அதன் மேல் இழுக்கிறேன், இவர் தலையை அசைக்கிறார், "அசையாதீங்க" என்கிறேன், என் குரல் மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதுபோலத்தான் வருகிறது, எப்படி என்று தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், தோளில் பழைய துண்டு, துண்டின் மேல் நேற்றைய செய்தித்தாள். காதுமடலில் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன், சாயம் ஒட்டாமல் இருக்க. இதையெல்லாம் கை தானாகச் செய்துவிடுகிறது. "வளையலைக் கழட்டிட்டுப் பண்ணேன் வசு, கறுப்பாயிடப் போகுது" என்கிறார். "கழல மாட்டேங்குது" என்கிறேன். பொய் இல்லை, விரல் முட்டி வீங்கிய பிறகு சோப்புப் போட்டால்தான் இந்த இரண்டும் இறங்குகின்றன. ஆனால் எப்போதும் சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பொடியைக் கரைப்பேன். இன்றைக்கும் அதற்காகத்தான் வாஷ்பேசினுக்குப் போனேன். குழாய்க்குக் கை போன நேரம் கூடத்தில் இவர் போனில் பேசுவது கேட்டது. "இல்லீங்க சம்பந்தி, உங்க மேல எனக்கு வருத்தமே இல்ல. நாங்க நல்லாத்தான் வளர்த்தோம். வளர்ப்பெல்லாம் ஒரு அளவுக்குத்தாங்க. அதுக்கு மேல விதைன்னு ஒண்ணு இருக்கில்ல? அது யாரோடதுன்னு நமக்கே தெரியாதே." பிறகு ஒரு சிரிப்பு. பெரிய சிரிப்பு இல்லை, பஸ்ஸில் அடுத்தவர் காலை மிதித்துவிட்டவர் சிரிக்கிற சிரிப்பு. சொன்னதைக்கூட எங்காவது ஓர் ஓரத்தில் வைத்துவிடலாம். அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது. குழாயைத் திறக்காமல் வந்து பொடியைக் கரைத்தேன், கட்டி தட்டிவிட்டது, பிரஷ்ஷின் அடிப்பக்கத்தால் நசுக்கி நசுக்கிக் கரைத்தேன், வளையல் கிண்ணத்தில் பட்டுச் சத்தம் போட்டது, "ஆச்சா?" என்று இவர் கூப்பிட்டார், "ஆச்சு" என்று வந்துவிட்டேன். அவர்கள் பதினொரு மணிக்கு வருகிறார்கள். சம்பந்தி தணிகாசலம், அவர் மனைவி, மாப்பிள்ளை கௌதம். பேசி முடிக்க. அதற்குள் இது பிடித்து, அலசி, காய்ந்து, இவர் கறுப்புத் தலையோடு சோபாவில் உட்கார வேண்டும்.

உச்சியில் முடி மெலிந்துவிட்டது. பிரஷ் பட்டால் தோல் தெரிகிறது, தோலிலும் சாயம். இந்தத் தலைக்குள் இருந்துதான் அந்தப் பேச்செல்லாம் வந்தது. கல்யாணமான புதிதில் என்னைக் கல்லூரி ஆய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், பால் பாட்டில் மாதிரி பாட்டில்கள், உள்ளே பழ ஈக்கள், அழுகிய வாழைப்பழ நாற்றம், விலங்கியல் வாத்தியார் பொண்டாட்டி என்று நான் மூக்கைப் பிடிக்காமல் நின்றேன். லென்ஸை என் கையில் கொடுத்து, "இது செவப்புக் கண்ணு, அது வெள்ளக் கண்ணு. ஈக்கு இவ்ளோதான் வசு, பாட்டிய மாத்தினாத்தான் பேரன் மாறுவான். மனுஷன் அப்படி இல்ல. மனுஷனுக்குக் கண்ணு நிறத்தோட பரம்பரை முடிஞ்சுது. மிச்சமெல்லாம் நாம செய்யறது" என்றார். பகுத்தறிவு மன்றத்துக் கூட்டங்களிலும் அதையே சொன்னார். பிறவிக் குணம் என்று ஒன்று இல்லை, அது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குச் சொன்ன கதை. கைதட்டுவார்கள். நானும் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு காப்பகத்திலிருந்து மலரைத் தூக்கிக்கொண்டு வந்தோம். "யாரு, என்ன ஜாதி, எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது, கேட்டா நாம பேசினதுக்கு அர்த்தமில்ல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். நான் கேட்கவில்லை. எனக்கு அந்த நேரத்தில் கேட்பதற்கு எதுவும் இல்லை, தோளில் சாய்ந்த தலை அவ்வளவு சூடாக இருந்தது. புதுமலர் என்று பெயர் வைத்தார். குழந்தை இல்லாததை இவர் கொள்கையாக ஆக்கிக்கொண்டார், நான் குழந்தையாக ஆக்கிக்கொண்டேன், அப்போது இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். பேச்சு வந்ததும் அவளை மேடை ஏற்றினார். மைக்கை இறக்கிப் பிடித்து, "நீ யாரும்மா?" "நான் மனுஷி." கைதட்டல். ஒரு முறை தட்டி முடியும்வரை அவள் இரண்டு காலையும் பின்னிக்கொண்டு நின்றாள், ஒன்றுக்கு வருகிறது என்று முன்வரிசையிலிருந்த எனக்குத் தெரிந்தது, இவருக்குத் தெரியவில்லை, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார். அவள் சொன்னாள். இறங்கி ஓடி வந்து என் மடியில் முகத்தைப் புதைத்தபோது பாவாடை நனைந்திருந்தது. எந்த வகுப்பு படிக்கும்போது கேட்டாள் என்று நினைவில்லை, யாரோ ஒருத்தியின் பென்சிலை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டு வந்த நாள், தலை பின்னிக்கொண்டிருந்தேன், திரும்பாமலே கேட்டாள், "நான் தப்புப் பண்ணா அப்பா தோத்துடுவாராம்மா?" போடி பைத்தியம் என்றேன். ரிப்பனை இறுக்கிக் கட்டினேன். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கதவு இடிபடுகிறது, பல் தேய்க்கிற பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு மலர் வந்து நிற்கிறாள், என் நைட்டியைப் போட்டிருக்கிறாள், அது அவளுக்குக் கணுக்கால் வரைகூட வரவில்லை. புருஷன் வீட்டிலிருந்து வந்து இரண்டு வாரமாகிறது, கன்னம் கொஞ்சம் தேறியிருக்கிறது. "என்ன புரொபசர், மேக்கப் பலமா இருக்கு? பொண்ணு பாக்கவா வராங்க?" என்கிறாள். "போடி, போய்க் குளி" என்கிறார் இவர், சிரித்துக்கொண்டே, அசையாமல். "அந்தக் காலத்துல கூட்டத்துக்குப் போறப்ப இவ்ளோ பண்ண மாட்டாரேம்மா. அப்பல்லாம் தலையே சீவாம போவாரு, புரட்சி." நுரையைச் சாக்கடையில் துப்புகிறாள். "மீசைய விட்டுட்டீங்க பாருங்க. மீசை மட்டும் வெள்ளையா இருந்தா தணிகாசலம் மாமா பயந்துடுவாரு." இவர் சாயம் பட்ட விரலால் மூக்குக்குக் கீழே தொட்டு அங்கே ஒரு கறுப்புப் புள்ளி விழுந்ததும் மூன்று பேரும் சிரிக்கிறோம். நானும் சிரிக்கிறேன். என் சிரிப்பும் பஸ் சிரிப்பாக இருக்கிறதோ. உள்ளே போகும்போது என் முழங்கையைப் பிடித்து இழுத்து, தாழ்ந்த குரலில், "நான் எதுவும் பேசப் போறதில்லம்மா. அப்பா பேசட்டும். இன்னிக்கு அவங்களுக்கு ஒரு லெக்சர் இருக்கு, வாழ்க்கைல மறக்க மாட்டாங்க" என்கிறாள். வாயிலிருந்து புதினா வாசனை. போய்விட்டாள். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம். தெருவில் வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் பதிவு செய்து வைத்த குரல், தக்காளி தக்காளி என்று, அலுக்காமல்.

அப்பா பேசட்டும். அவளுக்குத் தெரியாது அப்பா பேசிவிட்டார் என்று. மீசைக்குச் சின்ன பிரஷ் வேண்டும், எடுத்து வந்து குனிகிறேன், இவர் உதட்டை உள்ளே மடித்துக்கொள்கிறார், மூச்சு என் விரலில் படுகிறது, இத்தனை கிட்டத்தில் இந்த முகத்தை இந்த ஒரு வேலையின்போதுதான் பார்க்கிறேன் இப்போதெல்லாம். அவள் கௌதமைக் கை நீட்டி அடித்துவிட்டாள். அது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். தணிகாசலம் போன் செய்து சொன்னார், "திடுதிப்புன்னு கோவம் வந்து அடிச்சாக்கூடப் பரவாயில்லம்மா. வளையலை ஒவ்வொண்ணா கழட்டி டீப்பாய்ல வச்சுட்டு, அப்புறம் வந்து அறைஞ்சிருக்கா. அவ்ளோ நிதானம். என் பையன் நடுங்கிப் போயிட்டான்." ஏன் அடித்தாள் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. எனக்கு அவள் சொன்னாள், வந்த அன்று, படுக்கையில், விளக்கை அணைக்காமல். "எவளுக்குப் பொறந்தியோன்னான்மா. மொத தடவை சொன்னப்ப விளையாட்டுன்னு விட்டுட்டேன். ரெண்டாவது தடவை அவங்க அம்மா முன்னாடி சொன்னான். அவங்க கேக்காத மாதிரி கறிவேப்பிலை உருவிக்கிட்டிருந்தாங்க." பிறகு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க. தாங்க மாட்டாரு" என்றாள். நான் சொல்லவில்லை. இவர் தாங்க மாட்டார் என்று நானும் நினைத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இவரைப் பொத்திப் பொத்தி வைத்தோம், இவர் உள்ளே உட்கார்ந்து அதே வார்த்தையைத் தயார் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஆனால் நான் மட்டும் என்ன. தணிகாசலம் போனை வைத்த அந்த நொடியில் எனக்குள்ளும் ஒன்று எழுந்து உட்கார்ந்ததே. எங்கிருந்து வந்த கை இது, என்று. உடனே அடக்கினேன், ஆனால் எழுந்தது எழுந்ததுதான். அது புதிதும் இல்லை. மலருடைய காதுமடல் தொங்காது, கன்னத்தோடு ஒட்டியிருக்கும், அது பெற்றவர்களிடமிருந்து வருவது என்று இவர்தான் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார், கண் நிறத்தோடு காதுமடலையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று. அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில், கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடையில், என் வயதுப் பெண்களின் காதைப் பார்க்கிற வழக்கம் எனக்கு வந்துவிட்டது. ஒட்டிய மடலாக இருந்தால் குழந்தையை இந்தப் பக்கத்து இடுப்பிலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்வேன். அவள் அதிகம் சாப்பிட்டால், பொய் சொன்னால், யாரும் இல்லாதபோது தனக்குத்தானே பாடினால், இது யாருடையது என்று ஒரு கண் பார்த்துக்கொண்டே இருந்தது. இவர் மேடையில் ஒரு பரிசோதனை நடத்தினார் என்றால் நான் வீட்டுக்குள் இன்னொன்று நடத்தியிருக்கிறேன். ஆனால் நான் யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசமா. அது போதுமான வித்தியாசமா.

மீசை முடிந்தது. இனி அரை மணி நேரம் பிடிக்க வேண்டும், கிண்ணத்தைக் கழுவி வைக்கலாம், ஆனால் நகராமல் நிற்கிறேன். "போன்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்கிறேன். இவர் கண்ணைத் திறக்கிறார். சாயம் வழியாமல் இருக்கத் தலையை நேராக வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் என் பக்கம் திருப்புகிறார். "கேட்டியா?" தோளில் நழுவிய செய்தித்தாளை இழுத்துவிட்டுக்கொள்கிறார். "உண்மையத்தானே வசு சொன்னேன். நான் பேசின காலத்துல அவ்ளோதான் தெரியும். இப்ப எவ்ளோ வந்துடுச்சு, பொறந்ததுமே பிரிச்சு ரெண்டு வீட்ல வளர்த்த ரெட்டைப் பிள்ளைங்க ஒரே மாதிரி பல்லு குத்துதாம். கோவம், பயம், எல்லாத்துக்கும் அடியில ஒண்ணு இருக்கு. வயசானா தப்ப ஒத்துக்கணும்ல? அவளைக் குத்தம் சொல்லலையே நான். அவளால முடியாதுங்கறேன். அவ மேல தப்பில்லன்னுதானே அர்த்தம்?" எவ்வளவு இதமாகச் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு இரக்கம் என்றே தோன்றும். "கௌரவமா பிரிச்சு விட்டுடலாம். இயல்பு ஒத்து வரலைன்னு சொன்னா அவங்களும் மேற்கொண்டு பேச மாட்டாங்க. மாப்பிள்ளைக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை." அவளுக்கு மரியாதை வேண்டாமா என்று கேட்க வாயெடுத்து, அதற்குப் பதிலாக, சொல்லக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டதைச் சொல்கிறேன். "அவன் என்ன சொன்னான்னு தெரியுமா உங்களுக்கு? எவளுக்குப் பொறந்தியோன்னு சொன்னான். அவங்க அம்மா முன்னாடி. அதுக்குத்தான் அடிச்சா." இவர் முகம் மாறுகிறது. மாறுவதை நான் பார்க்கிறேன், பழைய ஆள் ஒருவர் கண்ணுக்குள்ளே எழுந்து வருவதுபோல, வாய் திறப்பதுபோல, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்கிறேன், வாங்க என்று மனதுக்குள் கூப்பிடுகிறேன். சாயம் ஒரு துளி நெற்றியில் இறங்குகிறது. துண்டு முனையால் ஒற்றிக்கொள்கிறார். "தப்புதான். சொல்லியிருக்கக் கூடாது" என்கிறார். பிறகு, "ஆனா அதுக்குக் கை நீட்டறதா? வளையலைக் கழட்டி வச்சுட்டா? அதத்தான் கேக்கறேன் வசு, அது எங்கேர்ந்து வருது? நம்ம வீட்ல யாரு கை நீட்டுவா?"

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போகிறேன். தண்ணீர் கறுப்பாக ஓடுகிறது, பிறகு பழுப்பாக, பிறகும் பழுப்பாக, முழுக்கத் தெளிவதில்லை இது. நம்ம வீட்ல யாரு. இவருடைய அக்கா பூங்கோதை வந்திருந்தாள், மலர் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வருஷம், இவர் ஏதோ ஊருக்குக் கூட்டத்தில் பேசப் போயிருந்தார். நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். மலர் சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டாள், எந்தக் குழந்தையும் விடும், பூங்கோதை அந்தக் கையைத் தட்டிவிட்டு, "எந்தக் குப்பத்தொட்டிப் பொறப்போ, கை எப்படிப் போகுது பாரு" என்றாள். கிரைண்டரை நிறுத்தினேன். அப்போதெல்லாம் கண்ணாடி வளையலும் போட்டிருந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சமையல் மேடையில் வைத்தேன். ஏன் கழற்றினேன் என்று அப்போது யோசிக்கவில்லை. என் அம்மா எங்களை அடிக்க வருவதற்கு முன் கழற்றி மாடத்தில் வைப்பாள், உடைந்து பிள்ளைகள் முகத்தைக் கீறிவிடக் கூடாதே என்று. வளையல் சத்தம் நின்றதும் நாங்கள் ஓடுவோம். அது எனக்கு ரத்தத்தில் வந்ததா, பார்த்துப் பார்த்து வந்ததா, யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வளையலை வைத்துவிட்டுப் போய்ப் பூங்கோதையை அறைந்தேன். இடது கன்னத்தில். அவள் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள், தன் தம்பியிடம் சொல்லவில்லை, சொன்னால் தான் சொன்னதையும் சொல்ல வேண்டும். நானும் சொல்லவில்லை. வயிறு சரியில்லை என்று கிளம்பிவிட்டாள் என்றேன். மலர் சமையலறை வாசலில் நின்றிருந்தாள், விரலெல்லாம் சர்க்கரை, வாயைத் திறந்துகொண்டு. பிறகு வந்து வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக என் கையில் மாட்டிவிட்டாள். எனக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் எது என்று பிரிக்க முடியாது. எனக்கும் மலருக்கும் நடுவில் பிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை, ஒரு சொட்டுக்கூட இல்லை, அந்த வாசலில் நின்று பார்த்தது ஒன்றைத் தவிர. ஈ பாட்டில்களில் தேடியது, மேடை மேடையாக இவர் தேடிய அத்தாட்சி, இவருக்குப் பின்னால் இந்தக் குழாயடியில்தான் இருக்கிறது. தணிகாசலமே போனில் கொண்டுவந்து கொடுத்தார். இவர் வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொன்னால் என்ன சொல்வார். அதற்கும் ஏதாவது இருக்கும், ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி ஏதாவது. அல்லது அக்காவை அறைந்தாயா என்று கேட்பார், முப்பது வருஷப் பேச்சு போய்விடும், அக்கா வந்துவிடுவாள். சொல்ல வேண்டாம். இவருக்கு அதைக் கொடுக்க எனக்கு மனசில்லை. கேட்டுக் கைதட்டியவள் நான், நிஜமென்று நம்பியவள், கடைசி வரிசை வரை எழுந்து போய்விட்ட பிறகும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், பேசியவரே மேடையை விட்டு இறங்கிப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார், போன் பேசிக்கொண்டே.

"வசு, பிடிச்சிருக்கும் பாரு" என்கிறார். குனியச் சொல்லிச் சொம்பில் மொண்டு ஊற்றுகிறேன், கழுத்தின் வழியாகக் கறுப்பு இறங்குகிறது, விரலால் அலசுகிறேன், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி, "சுடுது சுடுது" என்கிறார், தண்ணீரைக் கலந்து விடுகிறேன். துவட்டிவிட்டுப் பார்க்கிறேன். நன்றாகப் பிடித்திருக்கிறது. பத்து வயது குறைந்துவிட்டது. சீப்பை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போகிறார், கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். மலர் குளித்துவிட்டு நீலச் சுடிதாரில் நான்கு நாற்காலிகளை இழுத்துப் போடுகிறாள், ஈரக் கூந்தலைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருக்கிறாள், மடல் ஒட்டிய காது. "அப்பா, இங்க உக்காருங்க, நடுவுல. தலைவர் நடுவுலதான் உக்காரணும்" என்கிறாள். "நீ உள்ள இரும்மா. நான் பேசிக்கறேன்" என்கிறார் இவர். "ஏன்? எனக்கும் கேக்கணும்ல, எத்தனை நாளாச்சு நீங்க பேசிக் கேட்டு" என்று சோபா முனையில், இவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். இவர் என்னைப் பார்க்கிறார். உள்ளே கூட்டிக்கொண்டு போ என்று கண்ணால் சொல்கிறார். வாசலில் கார் நிற்கிறது. கதவு திறக்கிற சத்தம், இரண்டாவது கதவு, தணிகாசலத்தின் செருமல். "வசு, காபி போடு" என்கிறார். உள்ளே போகிறேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. கூடத்தில் வாங்க வாங்க என்கிற குரல், நாற்காலி இழுபடுகிற சத்தம், கௌதம் ஏதோ மெதுவாகச் சொல்கிறான், பிறகு இவர் தொண்டையைச் சரிசெய்துகொள்கிறார், மேடையில் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பு செய்வதைப்போல. வாஷ்பேசின் குழாயைத் திறக்கிறேன். சோப்பை மணிக்கட்டில் தேய்த்து நுரைக்க விட்டு, முட்டியை அழுத்திப் பிடித்து, முதல் வளையலை இறக்குகிறேன், பிறகு இரண்டாவதை. சோப்புப் பெட்டியில் வைக்கிறேன். இரண்டிலும் விளிம்பில் சாயம் ஏறியிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருகிறேன்.